புகை அலாரத்துக்கு பேட்டரி போதுமா, கரண்ட் இணைப்பு கட்டாயமா?

கேள்வி இதுதான்: புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டின் சீலிங்கில் பேட்டரியில் ஓடும் ஒரு புகை அலாரம் இருக்கிறது. "சட்டப்படி இது போதும்" என்கிறார் வீட்டு உரிமையாளர். "கரண்டில் இணைத்த அலாரம்தான் செல்லும், பேட்டரி அலாரமெல்லாம் கணக்கில் வராது" என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். வீடு எந்த நாட்டில் இருக்கிறது, எந்த மாநிலத்தில் இருக்கிறது, எந்த வருடம் கட்டப்பட்டது, அதில் சொந்தக்காரர் இருக்கிறாரா, வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளுக்குச் சட்டம் வேறு வேறாக இருப்பதும் உண்டு. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே மூன்று கேள்விகளைத்தான் கேட்கின்றன. அலாரத்துக்கு முதன்மையாக மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது போனால் அடுத்து எது தாங்கும்? வீட்டில் இருப்பவர் கையை நீட்டி அந்த மின்சாரத்தைத் துண்டிக்க முடியுமா? கடைசியாகச் சொன்னேனே, அதுதான் முக்கியமான கேள்வி. கடந்த பத்து, பதினைந்து வருடங்களில் வந்த பெரும்பாலான சட்டத் திருத்தங்கள் அதற்குப் பதில் தேடித்தான் வந்திருக்கின்றன.

வீட்டு வயரிங் வேலையில் நான் நிறைய வருடங்களாக இருக்கிறேன். ஒரு வீட்டில் விளக்கு மாற்றப் போனபோது கூடத்துச் சீலிங்கில் இருந்த அலாரத்தைத் திறந்து பார்த்தேன். பேட்டரி வைக்கும் இடம் காலியாக இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். சமைக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று கழற்றி வைத்தாராம், பிறகு அது பிள்ளையின் ரிமோட் காருக்குப் போய்விட்டது. அவர் பொறுப்பில்லாதவர் இல்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, தாளிக்கும்போதெல்லாம் அலறும் பெட்டியோடு வாழ்ந்தவர். இதே காட்சியை அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ, வீட்டுத் தீ விபத்துகளைப் பற்றிப் பல வருடங்களாகப் புள்ளிவிவரம் சேர்த்து வருகிறது. அலாரம் இருந்தும், அது ஒலிக்கும் அளவுக்குத் தீ பெரிதாக இருந்தும் ஒலிக்காமல் போன சம்பவங்களில், ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றில் பேட்டரி கழற்றப்பட்டிருந்தது அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய கால்பங்கில் பேட்டரி செத்துப்போயிருந்தது. சென்சார் பழுதாகி ஒலிக்காமல் போனவை இவற்றை விடக் குறைவு. அதாவது புகையை முகர்ந்து கண்டுபிடிக்கும் கருவி பெரும்பாலும் தயாராகத்தான் இருந்திருக்கிறது, அதற்குச் சாப்பாடு போடவில்லை, அவ்வளவுதான். சட்டம் ஏன் அலாரத்தின் மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

சட்டத்துக்குள் போகும் முன் ஒரு விளக்கம். பலரும் தரநிர்ணயத்தையும் சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் யுஎல் 217, ஐரோப்பாவின் ஈஎன் 14604, ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 3786 ஆகியவை பொருளுக்கான தரங்கள். பெட்டி எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு சத்தம் போட வேண்டும், பேட்டரி குறைந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை இவை சொல்கின்றன. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72, பிரிட்டனின் பிஎஸ் 5839-6 போன்றவை எங்கே, எப்படி மாட்ட வேண்டும், எதில் இணைக்க வேண்டும் என்று சொல்பவை. இந்த இரண்டு வகையும் தாமாகச் சட்டம் ஆகிவிடாது. ஒரு கட்டட விதியோ வாடகைச் சட்டமோ "இந்தத் தரப்படி இருக்க வேண்டும்" என்று எடுத்துச் சொல்லும்போதுதான் அது உங்களையும் வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். அதனால் "தரத்தில் அப்படி இருக்கிறதே" என்று யாராவது சொன்னால், "எந்தச் சட்டம் அதைக் கேட்கிறது?" என்று கேளுங்கள். நண்பருக்கும் உரிமையாளருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, முதலில் கரண்டில் இணைக்கும் அலாரத்தைப் பார்ப்போம்.

புதிதாகக் கட்டும் வீடுகளைப் பொறுத்தவரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன: வீட்டின் மெயின் கரண்டில் இணைத்திருக்க வேண்டும், அதோடு பேட்டரியும் துணைக்கு இருக்க வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் ஐஆர்சி என்ற குடியிருப்புக் கட்டட மாதிரி விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அலாரத்துக்கான மின்சாரம் வீட்டு வயரிங்கிலிருந்து வர வேண்டும், இணைப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும், மின்சுற்றைக் காக்கும் பிரேக்கரைத் தவிர நடுவில் வேறு எந்தச் சுவிட்சும் இருக்கக் கூடாது, மெயின் போனால் பேட்டரி எடுத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் தேசியக் கட்டட விதியும் இதையே சொல்கிறது.

நடுவில் சுவிட்ச் கூடாது என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சுவிட்ச் என்று ஒன்று இருந்தால் யாராவது ஒருநாள் அதை அணைப்பார்கள். விருந்தாளி அணைப்பார், குழந்தை அணைக்கும், இரவில் கத்தினால் நாமே அணைப்போம். மறுபடி போட வேண்டும் என்ற நினைவு யாருக்கும் வராது. ஏனென்றால் அணைந்திருக்கும் அலாரமும் வேலை செய்யும் அலாரமும் கீழிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

எந்தச் சர்க்யூட்டில் இணைப்பது என்பதில் பிரிட்டிஷ் தரம் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அலாரத்துக்கென்று தனிச் சர்க்யூட் கொடுக்கலாம். இல்லாவிட்டால், தினமும் பயன்படுத்தும் விளக்குகள் இருக்கும் சர்க்யூட்டிலேயே இணைக்கலாம். கேட்டவுடன் தனிச் சர்க்யூட்தான் மேல் என்று தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வீட்டில் மெயின் போர்டைத் திறந்தபோது, 'புகை அலாரம்' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்த பிரேக்கர் கீழே தள்ளிக் கிடந்தது. எப்போது அணைத்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. துணைப் பேட்டரி கொஞ்ச காலம் தாங்கி, பிறகு அதுவும் தீர்ந்துபோயிருந்தது. கூடத்து விளக்கோடு அலாரமும் ஒரே சர்க்யூட்டில் இருந்திருந்தால், பிரேக்கர் விழுந்த அன்று மாலையே விளக்கு எரியாமல் தெரிந்திருக்கும். யாராவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருப்பார்கள். அலாரத்துக்குக் கரண்ட் இல்லை என்பதை இருட்டு வந்து சொல்லிவிடும். அதனால் சாதாரண வீடுகளுக்கு நான் விளக்குச் சர்க்யூட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

துணைப் பேட்டரி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தீயே மின்கோளாறிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போது பிரேக்கர் விழுந்து, அலாரத்துக்குப் போகும் கரண்டும் சேர்ந்து நிற்கும். கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அதுவும் ஆபத்தான நேரம்தான். துணைப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. என்எஃப்பிஏ 72 குறைந்தது 24 மணி நேரம் என்கிறது. பிஎஸ் 5839-6 வீட்டு அலாரங்களுக்கு 72 மணி நேரம் கேட்கிறது. கனடாவின் கட்டட விதி 7 நாள் கேட்கிறது. அந்த நேரம் முடிந்த பிறகும் 4 நிமிடம் அலறுவதற்குச் சக்தி மிச்சம் இருக்க வேண்டும் என்பது இவற்றில் பொதுவானது. அடித்து எழுப்பி ஆட்களை வெளியேற்ற அந்த 4 நிமிடம் வேண்டும் என்பது கணக்கு.

இப்போது பழைய வீடுகள். இங்கேதான் உங்கள் உரிமையாளர் சொல்வதற்கு இடம் இருக்கிறது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் கரண்ட் இணைப்பைக் கட்டாயமாக்கினால் சுவரைக் கீற வேண்டும், சீலிங்கில் வயர் இழுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து ஒன்றுமே மாட்டாமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஒன்றும் இல்லாத வீட்டை விட பேட்டரி அலாரம் உள்ள வீடு எவ்வளவோ மேல். அதனால் சட்டங்கள் பொதுவாக ஒரு தேதிக்கோடு போட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அந்தக் கோடு 1997 ஆகஸ்ட் 1. அதற்கு முன் கட்டிய வீட்டில் பேட்டரி அலாரம் செல்லும், பின் கட்டியதில் கரண்ட் இணைப்பும் துணைப் பேட்டரியும் வேண்டும். இங்கிலாந்தில் 1992-க்குப் பிறகு கட்டடவிதி அனுமதியோடு வந்த புது வீடுகளில் மெயின் கரண்ட் அலாரம் எதிர்பார்க்கப்படுகிறது. அமெரிக்க ஐஆர்சி வேறு வழியில் போகிறது. பழைய வீட்டில் அனுமதி வாங்கிச் செய்யும் வேலை நடந்தால் அலாரத்தையும் புது வீட்டு அளவுக்கு உயர்த்தச் சொல்கிறது. ஆனால் அந்த வேலையில் சுவர்ப்பூச்சோ சீலிங்கோ திறக்கப்படாவிட்டால் கரண்டில் இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேட்டரி போதும். ஊர் மின்சாரமே எட்டாத வீட்டுக்கும் பேட்டரி போதும். நியாயமான ஏற்பாடுதான். எப்படியும் சீலிங்கைத் திறந்தாகிவிட்டது என்றால் வயரைப் போடுவதில் என்ன கஷ்டம் என்பதுதான் அந்த விதியின் எண்ணம்.

பேட்டரி அனுமதி என்றால் எந்தப் பேட்டரி? 2010-க்குப் பிறகு நிறையச் சட்டங்கள் மாறியது இந்த இடத்தில்தான்.

பழைய முறையில் 9 வோல்ட் சதுரப் பேட்டரி ஒன்று போடுவோம். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மறந்தாலும் சரி, வேறு எதற்காவது எடுத்தாலும் சரி, அலாரம் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் கழற்ற முடியாத, பத்து வருடம் தாங்கும் லித்தியம் பேட்டரி. தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அலாரத்தைத் தூக்கிப்போடும் நாளில் பேட்டரியும் அதோடு போகும்.

பத்து வருடம் எப்படித் தாங்கும் என்று பலருக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலாரம் சும்மா இருக்கும்போது சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு எப்போதும் எரிவதில்லை, சில நொடிகளுக்கு ஒருமுறை கண் சிமிட்டுவது போல மின்னிப் புகை இருக்கிறதா என்று பார்க்கும், அதனால்தான் இவ்வளவு குறைவு. பத்து வருடம் என்பது 87,600 மணி நேரம். பெருக்கினால் 876 மில்லி ஆம்பியர்-மணி வருகிறது. சாதாரண 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியில் இருப்பதே சுமார் 500-லிருந்து 600 வரைதான், அதுவும் வருடா வருடம் தானாகவே கொஞ்சம் கசிந்து குறையும். கேமராவில் போடும் அளவுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,500 இருக்கும், தானாகக் குறைவது வருடத்துக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆக இது விளம்பரப் பேச்சு இல்லை, கணக்கில் நிற்கிற விஷயம். புகையைப் பார்க்கும் சென்சாரின் ஆயுளும் பத்து வருடம் என்றே தரங்கள் எடுத்துக்கொள்கின்றன. என்எஃப்பிஏ 72-ன்படி தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடத்தில் அலாரத்தையே மாற்ற வேண்டும். பேட்டரியும் சென்சாரும் ஒன்றாக முடிவுக்கு வருவது இந்த ஏற்பாட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சட்டங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. கலிபோர்னியாவில் 2014 ஜூலை 1 முதல், பேட்டரியில் மட்டும் ஓடும் அலாரத்துக்கு மாநிலத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் கிடைக்க வேண்டும் என்றால் கழற்ற முடியாத பத்து வருடப் பேட்டரி இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2019 ஏப்ரல் 1 முதல், விற்கும் அலாரம் பத்து வருடம் தாங்கும் மூடிய பேட்டரியோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்டில் இணைப்பதாக இருக்க வேண்டும் என்றது. இவர்கள் வீட்டைப் பிடிக்கவில்லை, விற்பனையைப் பிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வீட்டுச் சீலிங்கையும் எந்த அதிகாரியாலும் எட்டிப் பார்க்க முடியாது. விற்கும் இடத்தில் பழைய வகை இல்லாமல் போனால், பத்து வருடத்தில் வீடுகளும் தானாக மாறிவிடும். அமெரிக்காவில் மத்திய அரசின் உதவி பெறும் வீடுகளுக்கு 2022 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. 2024 டிசம்பர் இறுதிக்குள் கரண்ட் இணைப்போ கழற்ற முடியாத பத்து வருடப் பேட்டரியோ இருக்க வேண்டும் என்று அது கெடு வைத்தது.

நியூசிலாந்து வாடகை வீடுகளுக்கு 2016 ஜூலை 1 முதல் விதி போட்டது. புதிதாக மாட்டும் அலாரம் குறைந்தது எட்டு வருடம் தாங்கும் பேட்டரியோடு இருக்க வேண்டும் அல்லது கரண்டில் இணைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த பழைய வகை அதன் ஆயுள் முடியும் வரை இருக்கலாம். பழைய வகை பேட்டரி தீர்ந்தால் மாற்றுவது குடியிருப்பவரின் பொறுப்பு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் அங்கே ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் நள்ளிரவில் ஒரு வீடு பற்றி எரிந்து 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மரண விசாரணையின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளை இணைக்கும் நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒளி முறையில் புகையைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்க வேண்டும். மின்சாரம் 240 வோல்ட் மெயினிலிருந்து வரலாம், அல்லது கழற்ற முடியாத பத்து வருடப் பேட்டரியிலிருந்து வரலாம். விற்கும் வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் 2022 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீடுகளுக்கு 2027 ஜனவரி 1 கெடு. அதில் ஒரு நிபந்தனை உண்டு: ஏற்கெனவே கரண்டில் இணைந்த அலாரம் இருந்தால், அதை மாற்றும்போது கரண்டில் இணைப்பதையேதான் மாட்ட வேண்டும். வயரை மூடிவிட்டு பேட்டரிக்கு இறங்கி வர முடியாது. வேறு ஊர்களிலும் புது வீட்டு விதிப்படி கரண்டில் மாட்டிய அலாரத்தைக் கழற்றிவிட்டு பேட்டரி அலாரம் வைத்தால், பெரும்பாலும் அது விதிமீறலாகத்தான் முடியும். உரிமையாளர்கள் செலவை மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை இது. சீலிங்கில் அலாரத்துக்குப் பக்கத்தில் மூடிபோட்ட பழைய வயர்ப்பெட்டி தெரிந்தால் கேட்டுப் பாருங்கள்.

பிரிட்டனில் மூன்று பகுதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே பிரச்சினைக்கு எத்தனை விதமான பதில்கள் சாத்தியம் என்பது தெரியும். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல் தனியார் வாடகை வீடுகளுக்கு, குடியிருக்கும் ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு புகை அலாரம் கட்டாயம். 2022 அக்டோபர் 1 முதல் சமூக வீட்டுவசதி வீடுகளும் இதில் வந்தன. குத்தகை தொடங்கும் நாளில் அது வேலை செய்கிறதா என்று உரிமையாளர் பார்த்தாக வேண்டும். பழுது என்று நீங்கள் சொன்னால் சரிசெய்தாக வேண்டும். ஆனால் பேட்டரியா, கரண்டா என்று அந்த விதி சொல்வதே இல்லை. பேட்டரி என்றால் மூடிய வகை நல்லது என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது, அவ்வளவே. வேல்ஸுக்குப் போனால் நேர் எதிர். 2022 டிசம்பர் 1-ல் வந்த சட்டப்படி வாடகை வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் உள்ள அலாரம் மெயின் கரண்டில் இணைந்திருக்க வேண்டும், ஒன்றோடொன்றும் இணைந்திருக்க வேண்டும். ஏற்கெனவே நடப்பில் இருந்த குத்தகைகளுக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து மூன்றாவது வழியில் போனது. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்துக்குப் பிறகு, சொந்த வீடு, வாடகை வீடு என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா வீடுகளுக்கும் 2022 பிப்ரவரி 1 முதல் ஒரே விதி. வரவேற்பறையிலும் ஒவ்வொரு மாடியின் நடையிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. மெயின் கரண்டும் செல்லும், மூடிய நீண்டநாள் லித்தியம் பேட்டரியும் செல்லும், பேட்டரியை மாற்றக்கூடிய வகை மட்டும் செல்லாது.

எனக்கு ஸ்காட்லாந்தின் வழிதான் மிகவும் அறிவார்ந்ததாகப் படுகிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை விட, அதை யாராவது எடுத்துவிட முடியுமா என்பதைத்தான் அது கேட்கிறது. சமையலறையில் புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் அலாரம் வைக்கச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். தாளிப்புக்கு அலறாத அலாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்ற யாருக்கும் தோன்றாது.

பிஎஸ் 5839-6 இதே எண்ணத்தை எழுத்தில் வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் வீட்டு அலாரங்களின் வகைகளை இப்படிப் பிரித்தார்கள்: டி1 என்றால் மெயின் கரண்டும், கழற்ற முடியாத துணைப் பேட்டரியும். டி2 என்றால் மெயின் கரண்டும், நாமே மாற்றக்கூடிய துணைப் பேட்டரியும். எஃப்1 என்றால் கழற்ற முடியாத பேட்டரி மட்டும். எஃப்2 என்றால் மாற்றக்கூடிய பேட்டரி மட்டும். எழுத்து மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது, எண் கை எட்டுமா என்பதைச் சொல்கிறது. மின்வேலைச் சான்றிதழிலோ அலாரத்தின் விளக்கச் சீட்டிலோ இந்த எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 2015 மார்ச் முதல் ஒவ்வொரு வீட்டிலும் அலாரம் கட்டாயம், ஈஎன் 14604 தரத்தில் இருந்தால் பேட்டரி போதும். ஜெர்மனியின் எல்லா மாநிலங்களிலும் கட்டாயம், அங்கேயும் பேட்டரி செல்லும். ஜப்பானில் புது வீடுகளுக்கு 2006 ஜூனிலிருந்தும், பழைய வீடுகளுக்கு 2011-க்குள்ளும் கட்டாயமாக்கினார்கள், பேட்டரியோ கரண்டோ எதுவும் சரி. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்கு கட்டாயம், பேட்டரியில் தனித்து ஓடுவதும் செல்லும்.

பேட்டரி குறையும்போது 'கீக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைப் பற்றியும் தரங்களில் இருக்கிறது. யுஎல் 217-ன்படி அந்த எச்சரிக்கை குறைந்தது 7 நாள், நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஈஎன் 14604 அதை 30 நாளாக வைத்திருக்கிறது. ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால், எச்சரிக்கை முழுவதும் ஆளில்லாத வீட்டில் ஒலித்து ஓய்ந்திருக்கும். நீங்கள் வரும்போது வீடு அமைதியாக இருக்கும், அலாரம் செத்திருக்கும். அதனால் நீண்ட நாள் கழித்துத் திரும்பினால் முதலில் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அப்புறம், இந்தச் சத்தம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் ஆரம்பிக்கும். குளிர்ந்தால் பேட்டரியின் உள் வேதிவினை மந்தமாகி வோல்ட் கொஞ்சம் இறங்கும், எச்சரிக்கை எல்லையைத் தொட்டுவிடும். பகலில் வெயில் ஏறியதும் நின்றுவிடும். 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள், பேட்டரி கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இப்போது உங்கள் அலாரத்துக்கு வருவோம். நாற்காலி போட்டு ஏறி அருகில் பாருங்கள். பச்சை விளக்கு விடாமல் எரிந்தால் பெரும்பாலும் அது மெயின் கரண்டில் இணைந்தது. கரண்டில் இணைந்தது என்றால் நீங்களே கழற்ற வேண்டாம். பச்சை விளக்கு இல்லாவிட்டால் மெதுவாகத் திருப்பித் தளத்திலிருந்து எடுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். பேட்டரி அறைக்கு மூடி இருந்தால் மாற்றக்கூடிய வகை. மூடி இல்லாமல், தளத்தில் மாட்டினால் தானாக உயிர்பெறும் அமைப்போ சின்னச் சுவிட்சோ இருந்தால் மூடிய வகை. அங்கேயே தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். அது பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால், பேட்டரி, கரண்ட் என்ற பேச்சே தேவையில்லை, அந்த அலாரத்தை மாற்ற வேண்டும். சோதனைப் பொத்தான் ஒலித்தால் மின்சாரமும் ஒலிப்பானும் சரி என்று தெரியும். சென்சார் பத்து வருடம் கழித்தும் கூர்மையாக இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

உரிமையாளரிடம் பேசும்போது "பேட்டரி சட்டப்படி செல்லுமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், வாக்குவாதம்தான் வளரும். வீடு எந்த வருடம் கட்டப்பட்டது, அதன் பிறகு அனுமதி வாங்கிப் பெரிய மராமத்து நடந்ததா, முன்பு கரண்டில் இணைந்த அலாரம் இருந்ததா, இப்போது இருக்கும் அலாரத்தின் பேட்டரி மூடிய வகையா, தயாரித்த தேதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் விதியைத் தீயணைப்புத் துறையின் பக்கத்திலோ கட்டட அனுமதி தரும் அலுவலகத்திலோ பார்த்து, இந்தப் பதில்களை அதோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மாற்றக்கூடிய பேட்டரியும் உங்கள் ஊரில் செல்லும் என்று தெரியவந்தாலும்கூட, அடுத்த முறை மாற்றும்போது மூடிய பத்து வருட வகையை மாட்டித் தரச் சொல்லுங்கள். வருடா வருடம் பேட்டரி வாங்குவதும், "கத்துகிறது" என்று நீங்கள் போன் செய்வதும் மிச்சமாகும் என்பதால் பெரும்பாலான உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். பேட்டரி தீர்ந்த வீட்டில் அதுவரை ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஒரு புதுப் பேட்டரி போட்டுவிட்டு அப்புறம் கடிதம் எழுதுங்கள்.